கடைப் பெயரில் மின்னஞ்சல்: ஜோஹோவா, கூகுளா, ஹோஸ்டிங்கோடு வருவதே போதுமா?

கரூரில் என் மாமா சின்னதாக ஒரு ஹோம் டெக்ஸ்டைல் யூனிட் நடத்துகிறார். மேஜை விரிப்பு, ஏப்ரன், குஷன் கவர், இந்த மாதிரி. ஆபீஸில் ஆறு பேர். போன வருஷம் அவருடைய மெர்ச்சண்டைசர் பையன், அதாவது பையர்களிடம் ஆர்டர் பேசுகிறவன், வேறு கம்பெனிக்குப் போனான். சண்டை சச்சரவு எதுவும் இல்லை, பிரியாணி வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து ஜெர்மனி பையர் ஒருவர் "போன தடவை கொடுத்த அதே ஷேடு, அதே ஜி.எஸ்.எம்." என்று ரிபீட் ஆர்டர் கேட்டபோதுதான் விஷயம் உறைத்தது. போன தடவை பேசிய எல்லாமே அந்தப் பையனின் சொந்த ஜிமெயிலில் இருந்தது. நாலு வருஷத்து சாம்பிள் அப்ரூவல், பர்ச்சேஸ் ஆர்டர், பேக்கிங் லிஸ்ட், எல்லாம் அவனோடு போய்விட்டது. அவன் நல்ல பையன், கேட்டதும் தேடி அனுப்பினான். எல்லோரும் அப்படி அனுப்புவார்களா என்பது வேறு.

மாமா எனக்குப் போன் போட்டார். நான் ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பது, நெட்வொர்க் இழுப்பது, இப்படி எல்லாம். "ஏப்பா, நம்ம கம்பெனி பேர்லயே மெயில் வேணும். எவ்வளவு ஆகும்?" என்றார். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். உண்மையில் இது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. டொமைன், அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், யார் பெயரில் இருக்கப் போகிறது என்பது முதல் கேள்வி, எத்தனை பேருக்கு நிஜமாகவே தனி மெயில் பெட்டி தேவை என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எந்தக் கம்பெனியின் சேவையை எடுப்பது என்பது ரொம்பப் பெரிய முடிவில்லை, பிடிக்கவில்லையென்றால் ஆறு மாதத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

டொமைன், வெப்சைட், மெயில் மூன்றும் ஒன்றுதான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வெப்சைட் செய்து கொடுப்பவர் மூன்றையும் ஒரே பில்லில் போட்டுத் தருவதால் வரும் குழப்பம். டொமைனை ஓரிடத்தில் வாங்கலாம், வெப்சைட்டை இன்னொரு இடத்தில் வைக்கலாம், மெயிலை மூன்றாவது இடத்தில் வைக்கலாம். வெப்சைட்டே இல்லாமல் மெயில் மட்டும்கூட வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை. டொமைனுக்கு டி.என்.எஸ். என்று ஒரு அமைப்பு உண்டு, அந்தப் பெயருக்கு வருவதை எங்கே அனுப்புவது என்று சொல்லும் முகவரிப் பட்டியல் மாதிரி. அதில் எம்.எக்ஸ். ரெக்கார்டு என்று ஒரு வரி இருக்கும். "இந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை இந்த சர்வரில் கொண்டுபோய்ப் போடு" என்று உலகத்துக்குச் சொல்வது அதுதான். அந்த வரியை மாற்றும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கும்வரை எந்த மெயில் கம்பெனியும் உங்களைக் கட்டிப்போட முடியாது.

அந்த அதிகாரம் கையில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று என் கடையிலேயே பார்த்துவிட்டேன். ஊருக்கெல்லாம் சொல்கிறவன் கடையிலேயே இந்த லட்சணம். ஆரம்பத்தில் எனக்கு வெப்சைட் செய்து கொடுத்தவர், தெரிந்தவர்தான், டொமைனை அவருடைய கணக்கிலேயே பதிவு செய்திருந்தார். பிறகு அவர் அந்தத் தொழிலையே விட்டுவிட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அவர் பார்க்காத ஒரு மெயிலுக்குப் போயிருக்கின்றன. ஒரு வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்: "அண்ணா, உங்க மெயில் திரும்பி வருதுங்க." வெப்சைட் செய்து கொடுத்தவரைத் தேடிப் பிடித்து, பாஸ்வேர்டை அவர் ஞாபகப்படுத்தி, பணம் கட்டி, மறுபடி மெயில் ஓட அஞ்சு நாள். அந்த அஞ்சு நாளில் எனக்கு வந்த மெயில்கள் எத்தனை, யாரிடமிருந்து என்று இன்றுவரை தெரியாது.

அதனால் டொமைனை உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். அரை மணி நேர வேலை. டொமைன் கணக்கின் லாகினுக்கு அதே டொமைனில் உள்ள மெயிலைக் கொடுக்காதீர்கள், டொமைன் காலாவதியானால் "காலாவதியாகிவிட்டது" என்ற கடிதமும் அதே செத்த பெட்டிக்குத்தான் போகும். அதற்கென்று தனியாக ஒரு ஜிமெயில் இருக்கட்டும். கார்டு எண் சேமித்து வைத்திருக்கிறேன், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்றும் நம்பாதீர்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் ஆட்டோ டெபிட் விதி நடைமுறைக்கு வந்த பிறகு, இ-மேண்டேட், அதாவது தானாகப் பணம் எடுக்க நாம் முன்கூட்டியே தரும் அனுமதி, ஒழுங்காகப் பதிவாகாத கார்டில் பணம் போவதில்லை. டொமைன் விற்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் வாங்கியவர்கள் இதில் நிறைய மாட்டினார்கள். ஒரே தடவையில் மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ கட்டிவிடுவது நிம்மதி. டாட் காம் என்றால் காலாவதிக்குப் பிறகும் கொஞ்சம் அவகாசம், அதையும் தவறவிட்டால் மீட்டுக்கொள்ள 30 நாள் ரிடெம்ப்ஷன் காலம், அதற்குத் தண்டத் தொகை, எல்லாம் உண்டு. ஆனால் மெயில் அதுவரை காத்திருக்காது, முதலில் நிற்பது அதுதான்.

விலை பார்க்கும்போது முதல் வருஷத்து விலையைப் பார்க்காதீர்கள். 99 ரூபாய் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், இரண்டாம் வருஷத்துப் புதுப்பிப்புத் தொகை அதே பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். டாட் இன் அல்லது டாட் காம், இரண்டில் ஒன்று போதும். சல்லிசாகக் கிடைக்கிறது என்று புதுப் புது வால்கள் வைத்த பெயர்களை வாங்காதீர்கள், ஸ்பேம் அனுப்புகிறவர்களும் சல்லிசாகக் கிடைப்பதைத்தான் வாங்குகிறார்கள், வடிகட்டிகளுக்கு அது தெரியும். வாங்குவதற்கு முன்னால் பெயரைப் போனில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். நம் பெயர்களில் ஒரு "ழ" வந்துவிட்டால் போதும், "இசட் ஹெச்சுங்களா, எல்லுங்களா?" என்று ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே டொமைன் கிடைக்கிறது, ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் தமிழ் எழுத்து முகவரியை ஏற்காத படிவங்கள் இன்னும் ஏராளம் என்பதால் அதை மட்டும் நம்பி விசிட்டிங் கார்டு அடிக்க வேண்டாம்.

அப்புறம் பெட்டிக் கணக்கு. மாமா முதலில் கேட்டது ஒன்பது முகவரிகள். சேல்ஸ், அக்கவுண்ட்ஸ், இன்ஃபோ, ஹெச்.ஆர்., எக்ஸ்போர்ட், அவர் பெயரில் ஒன்று, அத்தை பெயரில் ஒன்று, மெர்ச்சண்டைசர் இருவருக்கு இரண்டு. "ஹெச்.ஆர். யாருங்க மாமா?" என்றால் அதுவும் அவர்தான். ஒன்பது முகவரிக்கு ஒன்பது பேருக்கான காசு கட்ட வேண்டியதில்லை. ஒரே பெட்டிக்கு எத்தனையோ மாற்றுப் பெயர்கள் வைக்கலாம், அதற்கு அலியாஸ் என்று பெயர், கூகுளில் ஒரு பயனருக்கு 30 வரை இலவசம். சேல்ஸ் என்ற முகவரிக்கு வருவதை மூன்று பேரும் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு குரூப் என்று தனியாக உண்டு, அதற்கும் காசில்லை. மாமாவுக்குக் கடைசியில் தேவைப்பட்டது நாலு பெட்டிதான்: அவர், கணக்கு பார்க்கும் அத்தை, மெர்ச்சண்டைசர்கள் இருவர். இந்தக் கணக்கைப் போடாமல் விலைப் பட்டியலைத் திறந்தால் எல்லாமே விலை அதிகமாகத்தான் தெரியும்.

சரி, இப்போது ஒவ்வொன்றாக.

வெப்சைட் ஹோஸ்டிங்கோடு, அதாவது வெப்சைட்டை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடத்தோடு, சேர்ந்து வரும் மெயில்தான் பெரும்பாலானோர் முதலில் எடுப்பது. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சி-பேனலுக்குள் போய் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் பெட்டி தயார், பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லை, பல திட்டங்களில் எத்தனை வேண்டுமானாலும் திறக்கலாம். இதை நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே ஐ.பி. முகவரியில், அதாவது சர்வரின் ஒரே இணைய எண்ணில், உங்களோடு நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் குடியிருக்கும். அதில் ஒருவனுடைய வேர்ட்பிரஸ் ஹேக் ஆகி ராத்திரியோடு ராத்திரியாக ஸ்பேம் போனால், அந்த ஐ.பி. முழுதும் கறுப்புப் பட்டியலுக்குப் போகும், நீங்கள் அனுப்பும் ப்ரொஃபார்மா இன்வாய்ஸும் சேர்ந்துதான். காம்பவுண்டில் ஒரு வீட்டுக்காரன் செய்த வம்புக்கு மொத்தக் காம்பவுண்டுக்கும் கெட்ட பெயர். என் பழைய வாடிக்கையாளர் ஒருவர், போர்வெல் மோட்டார் உதிரிபாகம் விற்பவர், கொட்டேஷன் அனுப்பிக்கொண்டே இருந்தார், பதிலே வரவில்லை என்று மூன்று வாரம் புலம்பினார். போய்ப் பார்த்தால் எல்லாம் எதிராளியின் ஸ்பேம் ஃபோல்டரில். இன்னொன்று, மெயிலும் வெப்சைட்டும் ஒரே டிஸ்க் இடத்தைப் பங்கு போடுகின்றன. வெப்சைட்டின் பேக்கப் ஃபைல் ஒன்று இடத்தை அடைத்தால் மெயில் வாங்க இடமில்லாமல் திருப்பி அனுப்பும். அந்த ஹோஸ்டிங்கை விட்டு வேறிடம் மாறினால் பழைய மெயில்களையும் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அடுத்தது, பெட்டியே இல்லாமல் திருப்பி விடுவது. அதாவது ஃபார்வர்டிங். கிளவுட்ஃபிளேர் இதை இலவசமாகத் தருகிறது, டொமைனின் நேம்சர்வரை, அதாவது டி.என்.எஸ். வரிகளை வைத்திருக்கும் சர்வரை, அவர்களிடம் மாற்றிக்கொண்டால் போதும். உங்கள் கடைப் பெயருக்கு வரும் மெயில் எல்லாம் உங்கள் பழைய ஜிமெயிலில் வந்து விழும். தனி ஆளாகத் தொழில் செய்கிறவர்களுக்கு, போட்டோகிராபர், டியூஷன் எடுப்பவர், வீட்டில் பலகாரம் செய்து விற்பவர், இவர்களுக்கு இது அருமையான வழி, வருவதைப் படித்தால் போதும் என்றால். பதில் அனுப்பும்போதுதான் இடிக்கும். ஜிமெயிலில் "இந்த முகவரியிலிருந்து அனுப்பு" என்ற வசதியை வைத்துக் கடைப் பெயரில் அனுப்ப முடியும், ஆனால் ஜிமெயிலின் சொந்த சர்வர் வழியாகவே அது போனால் மேலே பெயர் ஒன்றும் உள்ளே கையெழுத்து இன்னொன்றுமாக இருக்கும், கறாரான சர்வர்கள் அதைச் சந்தேகமாகப் பார்க்கும். முன்பெல்லாம் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு: ஹோஸ்டிங் பெட்டியிலிருந்து பாப் என்ற முறையில் ஜிமெயிலே மெயிலை இழுத்துக்கொள்ளும். நானே பத்து இருபது பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். 2026 ஜனவரியிலிருந்து அதை நிறுத்துவதாக கூகுள் அறிவித்துவிட்டது. பழைய வீடியோக்களில் இன்னும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள், பார்த்து ஏமாறாதீர்கள்.

ஜோஹோவுக்கு வருவோம். 1996-ல் அட்வென்ட்நெட் என்று ஆரம்பித்து 2009-ல் இந்தப் பெயருக்கு மாறிய நம்ம ஊர்க் கம்பெனி, சென்னையிலும் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் ஆபீஸ். 2025 அக்டோபரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா தன் மெயிலை ஜோஹோவுக்கு மாற்றிவிட்டதாக அறிவித்த வாரத்தில் எனக்கு வந்த போன்களுக்குக் கணக்கே இல்லை. நம்ம ஊர்க் கம்பெனி என்பதில் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அதற்காக மட்டும் எடுக்கச் சொல்ல மாட்டேன். எடுக்கச் சொல்வதற்குக் காரணம் விலை. இலவசத் திட்டத்தில் ஒரு டொமைனுக்கு 5 பேர் வரை, ஆளுக்கு 5 ஜி.பி. சின்னக் கடைக்கு இது போதும். விளம்பரமும் வராது. ஆனால் இலவசத்தில் ஐமேப், பாப் கிடையாது, அதாவது அவுட்லுக்கிலோ, போனில் இருக்கும் ஜிமெயில் ஆப்பிலோ இந்தப் பெட்டியைத் திறக்க முடியாது. பிரவுசரில் பார்க்கலாம், ஜோஹோவின் சொந்த ஆப்பில் பார்க்கலாம், அவ்வளவுதான். பலருக்கு இது ஒரு குறையே இல்லை. இருபது வருஷமாக அவுட்லுக்கைத் திறந்து பழகிய கணக்கருக்கு இதுதான் பெரிய குறை. ஐமேப் வேண்டும் என்றால் அடுத்த படியில் உள்ள லைட் திட்டம், அது ஆளுக்கு மாதம் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், வருஷக் கணக்காகக் கட்ட வேண்டும்.

ஜோஹோவில் எல்லோரும் ஒரு தடவையாவது தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. இந்தியாவிலிருந்து கணக்குத் திறந்தால் உங்கள் கணக்கு இந்திய டேட்டா சென்டரில் இருக்கும், உங்கள் எம்.எக்ஸ். முகவரிகள் டாட் இன் என்று முடியும். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பாதி அமெரிக்கக் கணக்குக்கு எழுதியவை, அதில் டாட் காம் என்று இருக்கும். அதை அப்படியே காப்பி அடித்துவிட்டு "மெயிலே வரமாட்டேங்குது" என்று உட்கார்ந்திருப்போம். கணக்குக்குள் அவர்கள் காட்டும் மதிப்பை மட்டும் எடுங்கள்.

கூகுள் ஒர்க்ஸ்பேஸ் என்பது ஜிமெயிலேதான், உங்கள் பெயரில். யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம், அதுதான் அதன் பெரிய பலம். ஸ்டார்ட்டர் திட்டத்தில் ஆளுக்கு 30 ஜி.பி., அதையும் எல்லோருக்கும் பொதுவாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம், ஒருவர் குறைவாகப் பயன்படுத்தினால் இன்னொருவருக்கு அது உதவும். ஸ்பேமை வடிகட்டுவதில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது என் அனுபவம். ஷீட்ஸ், டிரைவ், மீட் எல்லாம் கம்பெனிச் சொத்தாக இருக்கும், ஆள் போனால் அவருடைய ஃபைல்களை இன்னொருவருக்கு மாற்றிவிடலாம். விலைதான், ஜோஹோ லைட்டைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைக் கணக்கில் கொடுத்துவிட்டால் அந்த வரியை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம், இதைச் செய்யாமல் வருஷக்கணக்காக விட்டவர்களை எனக்குத் தெரியும்.

கூகுளைப் பற்றி ஒரு பழைய கதையும் சொல்ல வேண்டும். 2006-ல் இந்தச் சேவையை ஆரம்பித்தபோது இலவசமாகவே கொடுத்தார்கள். 2012 டிசம்பரில் புதியவர்களுக்கு இலவசத்தை நிறுத்தினார்கள், ஏற்கெனவே இருந்தவர்கள் தொடர்ந்தார்கள். 2022 ஜனவரியில் அவர்களையும் காசு கட்டச் சொன்னார்கள், பெரிய கூச்சல் எழுந்த பிறகு சொந்த உபயோகத்துக்கு மட்டும் விட்டுக்கொடுத்தார்கள், வியாபாரிகள் கட்டித்தான் ஆகவேண்டியிருந்தது. குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, பதினைந்து வருஷம் சும்மா கொடுத்தார்களே. ஜோஹோவின் இலவசமும் ஒருநாள் இப்படிப் போகலாம் என்று மனதில் வைத்துக்கொண்டு எடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மைக்ரோசாஃப்ட் 365, எக்செல்லிலேயே வாழ்கிறவர்களுக்கு. ஒரே ஒரு எச்சரிக்கை: பிசினஸ் பேசிக் திட்டத்தில் எக்செல், வேர்டு எல்லாம் பிரவுசரிலும் மொபைலிலும்தான் ஓடும், கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்வது அதற்கு மேல் உள்ள ஸ்டாண்டர்டில்தான். இது தெரியாமல் வாங்கிவிட்டு "எக்செல் எங்கேங்க?" என்று என் கடைக்கு வந்தவர்கள் உண்டு. இதை டொமைன் விற்கிறவர்களிடமே சேர்த்து வாங்காமல் நேரடியாக வாங்குங்கள், ரீசெல்லர் கையில் அட்மின் அதிகாரம் மாட்டிக்கொண்டால் பிறகு வெளியே வருவது பெரும்பாடு.

ஐபோன் வைத்திருக்கும் தனி ஆள் என்றால் ஐகிளவுட் பிளஸ்ஸிலேயே சொந்த டொமைனை இணைத்துக்கொள்ளலாம், ஒரு டொமைனில் மூன்று முகவரி வரை. அது குடும்பத்துக்குச் செய்தது, கம்பெனிக்கு இல்லை. சொந்தமாக சர்வர் எடுத்து மெயில் ஓட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், நானும் ஒரு தடவை ஆசைப்பட்டுச் செய்து பார்த்தவன் என்ற முறையில், வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பெரிய கிளவுட் கம்பெனிகள் பல மெயில் வெளியே போகும் 25-ம் எண் போர்ட்டையே மூடித்தான் தருகின்றன.

எதை எடுத்தாலும் நிஜமான வேலை டி.என்.எஸ்ஸில்தான். எம்.எக்ஸ். மாற்றியதும் மெயில் வர ஆரம்பித்துவிடும், அதோடு வேலை முடிந்தது என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அனுப்புவது போய்ச் சேர வேண்டுமே. அதற்கு மூன்று வரிகள். எஸ்.பி.எஃப். என்பது "என் பெயரில் கடிதம் போட இந்த சர்வர்களுக்குத்தான் அனுமதி" என்ற அறிவிப்பு. டிகிம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் போகும் முத்திரை. டிமார்க் என்பது "இந்த இரண்டில் எதுவும் என் பெயரோடு ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் கடிதத்தை இப்படி நடத்து" என்ற உத்தரவு. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் இதில் கறாராகிவிட்டன. எஸ்.பி.எஃப். அல்லது டிகிம் ஒன்றாவது எல்லோருக்கும் கட்டாயம். ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். நீங்கள் ஐந்தாயிரம் அனுப்பப்போவதில்லை, இருந்தாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இதில் அடிக்கடி நடக்கும் தப்பு, இரண்டு எஸ்.பி.எஃப். வரிகள். ஹோஸ்டிங்காரர் போட்டது ஒன்று ஏற்கெனவே இருக்கும், நாம் ஜோஹோவுடையதைப் புதிதாக ஒன்று சேர்ப்போம். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். வரிதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இரண்டையும் ஒரே வரியாகச் சேர்த்து எழுத வேண்டும். டிமார்க்கை முதலில் வேடிக்கை மட்டும் பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு மாதம் வரும் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு, பிறகு இறுக்குங்கள்.

இன்னொரு தொல்லை வெப்சைட்டில் இருக்கும் "தொடர்புகொள்ள" படிவம். மாமா விஷயத்திலேயே இது நடந்தது. மெயிலை ஜோஹோவுக்கு மாற்றிவிட்டோம், எல்லாம் ஓடுகிறது, வெப்சைட் படிவத்திலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. சோதனைக்கு நானே நாலு தடவை நிரப்பினேன், "நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம்" என்று பச்சை எழுத்தில் வருகிறது, மெயில் வரவில்லை. சி-பேனலில் இமெயில் ரூட்டிங் என்று ஒரு பக்கம் உண்டு, அதில் "லோக்கல்" என்று இருந்தது. அதாவது அந்த ஹோஸ்டிங் சர்வர் இன்னும் மாமாவின் மெயில் தன்னிடம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, படிவத்தில் வந்ததை எல்லாம் வெளியே அனுப்பாமல் தன் பழைய பெட்டிக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தது. அதை "ரிமோட்" என்று மாற்றியதும் சரியாயிற்று. பழைய பெட்டியைத் திறந்து பார்த்தால் பதினோரு விசாரணைகள். அதில் ஒன்று திருப்பூரிலிருந்து ஜாப் ஒர்க் கேட்டு. மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

மாமா எதை எடுத்தார் என்றால், முதலில் ஜோஹோ இலவசம். இரண்டு மாதம் ஓட்டினோம். அத்தைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, மெர்ச்சண்டைசர்கள்தான் முணுமுணுத்தார்கள்: அவுட்லுக் இல்லை, போனில் இன்னொரு ஆப், சாம்பிள் போட்டோக்களால் 5 ஜி.பி. வேகமாக நிறைகிறது. அந்த இடத்தில் கூகுளுக்குப் போயிருக்கலாம், நான் அதைத்தான் சொன்னேன். பையர்கள் ஷீட்ஸில் ஆர்டர் நிலவரம் பகிர்கிறார்கள், கூகுளில் இருந்தால் சுலபம் என்றேன். மாமா கால்குலேட்டரை எடுத்து நாலு பேருக்கு வருஷக் கணக்குப் போட்டுவிட்டு, "இந்த வித்தியாசத்துல ரெண்டு சாம்பிள் கூரியர் அனுப்பிருவேன்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஜோஹோ லைட்டில் 10 ஜி.பி. திட்டம், நாலு பெட்டி, மற்றதெல்லாம் அலியாஸ். பையரின் ஷீட்ஸைத் திறக்க, கம்பெனி மெயில் முகவரியையே வைத்து ஒரு சாதாரண கூகுள் கணக்கு ஆரம்பித்துக்கொண்டார்கள், அதற்கு ஜிமெயில் முகவரி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இதில் ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: அந்தக் கணக்கு அந்த ஆளுடையதாகவே இருக்கும், கம்பெனி அட்மினுக்கு அதில் பிடி இருக்காது, பின்னால் ஒர்க்ஸ்பேஸுக்கு மாறினால் ஒரே முகவரிக்கு இரண்டு கணக்கு என்று மோதும். பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

உங்கள் ஆபீஸில் எல்லோரும் ஏற்கெனவே டிரைவில்தான் வேலை செய்கிறார்கள் என்றால் காசைப் பார்க்காமல் கூகுள் எடுங்கள். ஐந்து பேருக்குள், மெயில் என்பது வங்கிக்கும் ஆடிட்டருக்கும் எப்போதாவது அனுப்புவது என்றால் ஜோஹோ இலவசமே போதும். நடுவில் இருப்பவர்கள் மாமா மாதிரி கால்குலேட்டர் எடுங்கள்.

மாறிய பிறகு பழைய ஜிமெயிலை அழித்துவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. போர்ட்டல், வங்கி, ஏற்றுமதியாளர் என்றால் வெளிநாட்டு வர்த்தகத்தைக் கவனிக்கும் டி.ஜி.எஃப்.டி.யில் உள்ள ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி இறக்குமதி எண், இவை எல்லாம் பழைய முகவரியில் பதிவாகியிருக்கும், மாற்றுவதற்கான ஓ.டி.பி.யும் அங்கேதான் வரலாம். ஐ.இ.சி. விவரத்தை வருஷா வருஷம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் எப்படியும் சரிபார்த்து உறுதி செய்ய வேண்டும், அப்போது முகவரியையும் மாற்றிவிடுங்கள். நாலு பெட்டிக்கும் இரண்டு கட்ட லாகின் போடுங்கள். ஏற்றுமதிக்காரர்களிடம் நடக்கும் மோசடி ரொம்ப எளிமையானது: யாரோ மெயிலுக்குள் புகுந்து பேச்சுவார்த்தையை வாரக்கணக்கில் படித்துக்கொண்டே இருந்து, பணம் அனுப்பும் நேரத்தில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று பையருக்கு ஒரு வரி எழுதுவான். அல்லது உங்கள் பெயர் மாதிரியே, ஒரு எழுத்து மட்டும் தள்ளி, இன்னொரு டொமைன் வாங்கி எழுதுவான். இந்த இரண்டாவதை டிமார்க் தடுக்காது, அது உங்கள் பெயரை அப்படியே போட்டு வருவதை மட்டும்தான் பிடிக்கும். கணக்கு எண் மாறினால் மெயிலில் சொல்ல மாட்டோம், வீடியோ காலில்தான் சொல்வோம் என்று மாமா எல்லா பையருக்கும் எழுதி வைத்துவிட்டார்.

பழைய விசிட்டிங் கார்டு முந்நூறு சொச்சம் மிச்சம் இருந்தது. தூக்கிப் போட மனசில்லாமல் அத்தை ஒவ்வொன்றிலும் ஜிமெயிலை அடித்துவிட்டுப் புது முகவரியைப் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறார். பெல்ஜியம் பையர் ஒருவர் மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் பழைய ஜிமெயிலுக்குத்தான் அனுப்புகிறார், அதற்கு ஒரு ஃபார்வர்டு போட்டு வைத்திருக்கிறோம்.